மூன்றாவது டப்பாவின் பச்சை

கண்ணு, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. நீயோ பக்கத்து அறையில் உட்கார்ந்து, பெட்டிக்குள் எது போகும் எது போகாது என்று அப்பாவோடு வழக்காடிக்கொண்டிருக்கிறாய். நான் அரிசியில் கல் பொறுக்குவதாகச் சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேசும்போது கீது, கீறேன் என்று வருகிற அம்மாவுக்கு எழுதும்போது மட்டும் எங்கிருந்து இலக்கணம் வருகிறது என்று கேலி செய்வாய். எட்டாவது வரை படித்தவள்டா நான், அந்த எட்டும் ஒழுங்காகப் படித்தேன். நாளைக்கு நீ கோதுமை விளைகிற சீமைக்குக் கிளம்புகிறாய். மூன்று வருடம் அந்த மண்ணில் இறங்கி நிற்கப் போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டாக வேண்டும். வாயால் சொன்ன பொய் அல்ல, கையால் செய்த பொய். அதை அஸ்திவாரமாக வைத்துத்தான் நீ உன் படிப்பையே கட்டுகிறாய் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது.

போன மாதம் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு முடிந்து வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்று, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாய். கோதுமைக்குப் போடுகிற யூரியாவில் பாதிக்குப் பாதி பயிருக்குச் சேராமல் தண்ணீரோடு கீழே இறங்கிப் போகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கிற துகளை மண்ணில் கலந்தால் உரமும் வேரோடு நிற்கும் என்று நீ சொன்னதற்கு, இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டார்களாம். பன்னிரண்டு வயதில் பெயின்ட் டப்பாவில் கோதுமை வளர்த்து அரை உரத்திலேயே முழு உரத்தின் பச்சையைப் பார்த்தவன் நான் என்று சொன்னாயாம். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம், பெரியவர் ஒருவர் எழுந்து கை கொடுத்தாராம். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், "அரை போதும்மா. அது எனக்கு அப்பவே தெரியும். ஊருக்கு நிரூபிச்சுக் காட்டறதுதான் பாக்கி." நீ சந்தோஷமாகச் சொன்னாய். நான் கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டு மறுபடி கழுவினேன். அம்மாவுக்கு ஆனந்தத்தில் கைகால் ஓடவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

அந்தத் துகளை நான் முதல்முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உன்னை ஒன்றாவதில் சேர்த்த கையோடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். என் அப்பா அம்மா அயனம்பாக்கத்தில் ஊரார் கழனியில் நாற்று நட்டவர்கள். நான் சேற்றில் இறங்காமல் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்கிறேன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். கம்பெனியில் தயாரானது சர்க்கரை மாதிரி வெள்ளைத் துகள். ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க ஊதி நிற்கும், கவிழ்த்தாலும் கொட்டாது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அது வெந்த ஜவ்வரிசியைப் போலத் தெரிந்ததால் ஜவ்வரிசி என்றே கூப்பிட்டோம். அங்கே கெமிஸ்டாக இருந்தவர் நல்ல மனிதர், பேக்கிங் பெண்களுக்கும் புரிகிற மாதிரி விளக்கிச் சொல்வார். மணல் பூமியில் யூரியா போட்டுத் தண்ணீர் விட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு வேருக்குக் கீழே போய்விடும், இந்தத் துகள் நடுவில் நின்று இரண்டையும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிருக்கு ஊட்டும், அதனால் உரம் குறைவாகவே போதும் என்பார். வடக்கே கோதுமைக்காரர்களுக்கு விற்கத்தான் அதைச் செய்தார்கள். பையின்மேல் கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கும். கதிரைப் பார்க்காத நாங்கள் அந்தப் பையைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. மற்ற பிள்ளைகள் எரிமலையும் ராக்கெட்டும் செய்யப் புறப்பட்டார்கள். நீ மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு கைப்பிடி ஜவ்வரிசி கேட்டாய். கெமிஸ்ட் சாரிடம் சொன்னேன், அவரே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்றும் தாளில் எழுதிக் கொடுத்தார். கோதுமைக்கு எங்கே போவது? மில்லில் அரைக்கக் காயப்போட்டிருந்த ரேஷன் கோதுமையில் நல்ல மணியாக நீயே பொறுக்கினாய். அப்பா மூன்று பெயின்ட் டப்பா கொண்டுவந்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைக் கேட்டு வாங்கி மண்ணோடு கலந்தோம். யூரியாவைத் திருநின்றவூரில் பயிர் செய்த என் அண்ணன், உன் மாமா, தந்தார். முதல் டப்பாவில் வெறும் மண். இரண்டாவதில் முழு யூரியா. மூன்றாவதில் ஜவ்வரிசியும் அரை யூரியாவும். மூன்றுக்கும் தண்ணீர் ஒரே அளவு, மூன்று நாளுக்கு ஒரு டம்ளர், அதுவும் நம் போர் தண்ணீர். மார்கழிக் குளிர் உன் கோதுமைக்கு ஒத்துக்கொண்டது. நம் கள்ளிக்குப்பத்தில் கோதுமை முளைத்திருக்கிறது என்று தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பொங்கல் கழிந்த வாரம் மூன்றாவது டப்பா மஞ்சளடித்தது. இரண்டாவது டப்பா கருகருவென்று நிற்க, உன் மூன்றாவது, வெறும் மண்ணில் நின்ற முதல் டப்பாவைவிடக் கொஞ்சம் தேவலை என்கிற மாதிரி நின்றது. நீ பள்ளிக்குப் போகுமுன் அதன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்கேல் வைத்து அளப்பாய், நோட்டில் எழுதுவாய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போவாய். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வெளுத்துப்போன எதைக் கண்டாலும் அதற்கு ஏதாவது ஊட்டியாக வேண்டும் எனக்கு. ஒருமுறை நீ பள்ளிக்கு மட்டம் போட்டதற்கு, இவனுக்கு இன்றைக்கு வெறும் சோறும் ரசமும்தான் என்று அப்பா தண்டனை போட்டார். நான் சோற்றுக்கு அடியில் ஆம்லெட்டைப் புதைத்துக் கொடுத்தேன், நீயும் கள்ளப்பூனை போலத் தின்றாய். அதே புத்திதான் டப்பாவிலும் வேலை செய்தது. நீ பள்ளிக்குப் போனதும் ஒரு சிட்டிகை யூரியாவைச் சொம்பு நீரில் கரைத்து மூன்றாவது டப்பாவுக்கு மட்டும் ஊற்றினேன். இரண்டு நாள் விட்டு மறுபடி ஊற்றினேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதை மட்டும் மறக்கவில்லை.

அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். இரும்புப் பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்று, "இது அவன் எழுதற பரிட்சை. நீ இன்னாத்துக்கு எழுதிகினு கீற?" என்றார். நான் விடவில்லை. பிள்ளை வாடுகிறானே, உங்களுக்குக் கண் இல்லையா, நீங்கள் இரும்போடு பழகி இரும்பாகவே ஆகிவிட்டீர்கள் என்று ஏகத்துக்கும் பேசினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியமும் வாங்கினேன். இத்தனை வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியவர் அவர், ஆகவே அவர்மேல் கோபப்படாதே. ஒரு வாரத்தில் மூன்றாவது டப்பா பச்சை திரும்பியது. நீ தெருமுனை வரை ஓடி வந்து, கம்பெனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். ஜவ்வரிசி வேலை செய்கிறது, முதலில் மெதுவாகத்தான் செய்யும் போலிருக்கிறது என்று நீயாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்து நோட்டில் எழுதினாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, என் களவுக்குக் காரணம் எழுதினாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.

கண்காட்சியில் உனக்கு முதல் பரிசு. அதோடு விட்டிருந்தால் ஒரு தாயின் அசட்டுத்தனம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நீ கூப்பிட்டாய் என்று கெமிஸ்ட் சாரும் வந்திருந்தார், யூரியா தந்த உரிமையில் மாமாவும் வந்திருந்தார். சார் மண்டியிட்டு உன் டப்பாக்களைப் பார்த்தார், நோட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். பக்கத்தில் யாராவது விவசாயி கொஞ்சம் நிலத்தில் போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்றார். மாமா உடனே என் நிலம் இருக்கிறதே என்றார். திருநின்றவூரில் உன் தாத்தா பாட்டி கூலி வேலை செய்து மிச்சம் பிடித்து வாங்கிய நிலம் அது, நம் வம்சத்துக்கென்று இருந்த ஒரே நிலம். நான் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். பரிசு வாங்கிய சட்டையோடு நீ நின்றுகொண்டிருந்தாய். சாரும் எனக்குச் சம்பளம் தருகிற கம்பெனிக்காரர். நான் முந்தானையால் டப்பாவின் விளிம்பைத் துடைத்தேன்.

மாமா கேழ்வரகு போட்டார். அந்த மணல் பூமியில் ஜவ்வரிசியைக் கலந்து, சார் எழுதிக் கொடுத்தபடி அரை யூரியாவோடு நிறுத்திக்கொண்டார். பயிர் மஞ்சளடித்தது. பையனுடையதும் முதலில் இப்படித்தான் இருந்து அப்புறம் திரும்பியது, பொறுங்கள் என்று கம்பெனிக்காரர்கள் உன் நோட்டைக் காட்டிச் சொன்னார்களாம். மாமாவும் பொறுத்தார். கேழ்வரகு எத்தனை நாள் பயிர்? பொறுத்த நாளில் காலம் கடந்துவிட்டது. கதிர் விரல் நீளம்கூட வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வரப்பில் உட்கார்ந்துகொண்டு, பையன் டப்பாவில் மட்டும் எப்படிப் பச்சையாக வந்தது என்று என்னைக் கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் சொன்னேன், "அது வேற மண்ணுண்ணே." அந்த ஒரு சொல்தான். அண்ணன் மண்ணைக் கையில் அள்ளி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஏன் மஞ்சளடித்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே விளங்கியது. ஒருநாள் கம்பெனியில் ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். டம்ளரில் ஜவ்வரிசி ஊதுவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும். வழக்கமாக ஊற்றுகிற, பேட்டரிக்கு விடுவார்களே அந்தச் சுத்தத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. நான் அவசரத்துக்குக் குழாயில் பிடித்து ஊற்றினேன். துகள் டம்ளரின் கால்பங்குகூட ஊதவில்லை. சார் தலையில் கைவைத்தார். தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருந்தால் இது குடிக்காது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார். நம் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. மாமா கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். உன் மூன்றாவது டப்பா மஞ்சளாக நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஊட்டாமல் இருந்திருந்தால், ஏன் மஞ்சள், ஏன் மஞ்சள் என்று நீ குடைந்திருப்பாய், சாரையும் தூங்கவிட்டிருக்க மாட்டாய், மாமா நிலத்துக்குப் போகுமுன்னே விஷயம் வெளியே வந்திருக்கும். உன் கண்டுபிடிப்பை நான் தின்றுவிட்டேன், கண்ணு.

போன ஞாயிறு மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொல்லுமுன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்று, அதில் வீடுகளும் எழும்பிவிட்டது உனக்குத் தெரியும். அண்ணன் திட்டவில்லை. தட்டிலிருந்த மிக்சரை விரலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "நான் மண்ணு செத்துப்பூட்ச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்மே. அதான் கேக்க வந்தவனுக்குக் குடுத்துட்டேன்" என்றார். எப்படியும் ஒருநாள் விற்றிருப்பேன், சுற்றிலும் எல்லோரும் விற்றுக்கொண்டுதானே இருந்தார்கள் என்று அவரே பிறகு சமாதானமும் சொன்னார். எனக்காகச் சொன்னதா, நிஜமா, தெரியவில்லை. புறப்படும்போது அண்ணி கொடுத்த முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஆவடி வருகிற வரைக்கும் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

இனி உனக்கு. அரை போதாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. நல்ல தண்ணீர் பாய்கிற இடத்தில் போதலாம், முக்கால் வேண்டியிருக்கலாம், அங்கத்திய மண்ணுக்கு வேறு ஏதாவது கணக்கு இருக்கலாம். உனக்கும் தெரியாதுடா, அதைத்தான் சொல்கிறேன். தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறவனுக்குப் பயிர் சொல்வது காதில் விழாது. முழுசு ஒன்று, அரை ஒன்று என்று இரண்டே பாத்தியோடு நிறுத்தாதே. நடுவிலும் இரண்டு மூன்று வை, துகள் இல்லாமலும் வை, முதல் வேலையாகத் தண்ணீரைச் சோதித்துப் பார். மஞ்சளாக இருந்தால் மஞ்சள் என்றே எழுது. உனக்குக் கை கொடுத்த பெரியவருக்கு அது பிடிக்காமல் போகலாம், பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகலாம். போகட்டும். நீ சோர்ந்து உட்கார்ந்தால் உன்மேல் பிரியமாக இருக்கிற யாராவது ஒருவர், தோட்டக்காரரோ கூடப் படிக்கிறவரோ, ஒரு சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எதிரி கெடுத்தால் கண்டுபிடித்துவிடலாம், பாசம் கெடுப்பதுதான் தெரியாது. அவரைத் திட்டாதே, ஆனால் கிட்டே விடாதே.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் உன் அம்மா இல்லை. அங்கே மூன்று வேளையும் சப்பாத்தியாம். டப்பாவில் வளர்த்த கோதுமையை ஒருநாளும் தின்று பார்க்காதவன், இனி அதைத்தான் தின்றாக வேண்டும். நன்றாகச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். அரை வயிற்றுச் சாப்பாட்டோடு ஆராய்ச்சி செய்கிறேன் என்று வீரம் காட்டாதே, அந்தச் சோதனை மட்டும் எனக்கு வேண்டாம்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊர் போய்ச் சேர்ந்து பிரித்துப் படிப்பாய், நீ கோபித்தாலும் அது இங்கே வந்து சேர நாலைந்து நாள் ஆகும், அதற்குள் சூடு ஆறிவிடும். அப்பாவிடம் சொன்னேன், மறுபடியும் சோற்றுக்கு அடியிலா என்று ஒரே வார்த்தை கேட்டார். அதனால் நாளைக்குச் சென்ட்ரலில் உன் கையிலேயே கொடுக்கிறேன், வண்டி கிளம்ப அரை மணி இருக்கும்போது. அங்கேயே உட்கார்ந்து படி. நான் உன் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன், தண்ணீர் பாட்டில் வாங்கும் சாக்கில் எங்கேயும் நழுவ மாட்டேன். படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமலே இரு, அதையும் நின்று வாங்கிக்கொள்கிறேன். என் முகம் வெளுத்திருந்தால் அதைப் பார்த்து இரக்கப்பட்டு, பரவாயில்லம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.